வெங்காயத்துக்குள் இருந்த கிருமி

மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் விதைக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில், கிணற்றில் தண்ணீர் நின்ற சம்சாரிகள் சின்ன வெங்காயமும் போட்டார்கள். பிடுங்கிய வெங்காயத்தை உலர்த்தி, தாள் அறுத்து, காற்றோட்டமாகப் பட்டறை போட்டு, விலை ஏறும் வரை காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துக் காற்றின் வறட்சி வெங்காயத்துக்கு வரம். ஆனால் பிடுங்குகிற நேரத்தில் ஒரு மழை விழுந்துவிட்டால், பட்டறையைப் பிரிக்கும் நாளில் சங்கடம் காத்திருந்தது. மேல்தோல் பளபளப்பாகவே இருக்கும். கழுத்தை விரலால் அமுக்கினால் உள்ளே இரண்டொரு அடுக்கு மட்டும் கொழகொழவென்று நெகிழ்ந்திருக்கும். நடுக்குருத்து கெட்டியாக, வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழும். காடி புளித்தாற்போல ஒரு வாடை அடிக்கும். அழுகலைப் பொறுக்கி வேலியோரம் எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சந்தைக்கு ஏற்றினார்கள். வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமிகள் பல. அவற்றில் ஒன்று மட்டும் வேலியோரத்தோடு நின்றுவிடவில்லை.

1940களின் கடைசியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வெங்காய விவசாயிகளுக்கும் இதே தலைவலி வந்தது. சதுப்பை வடித்துத் திருத்திய கன்னங்கரிய நிலத்தில் பெரிய வெங்காயம் விளைவித்தவர்கள் அவர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் செடி நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த வால்டர் பர்க்ஹோல்டரின் மேசைக்கு அந்த அழுகல் வந்து சேர்ந்தது. அவரைப் பயிரைத் தாக்கும் பாக்டீரியாக்களில் தேர்ந்த கை அவருடையது. அழுகலிலிருந்து கிருமியைப் பிரித்தெடுத்தார், நல்ல வெங்காயத்தில் ஏற்றிப் பார்த்தார், அதே அழுகல் வந்தது. வெங்காயத்துக்கான லத்தீன் சொல்லை வைத்துச் 'சூடோமோனாஸ் செப்பேசியா' என்று பெயரிட்டு 1950இல் கட்டுரையாக வெளியிட்டார். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் சாதுவான ஒரு கிருமி, காயம்பட்ட வெங்காயக் கழுத்து வழியே நுழைந்து அழுகவைக்கிறது. விஷயம் அவ்வளவுதான். செடி நோய் நூலகங்களின் அலமாரிக்குள் அந்தக் கட்டுரை போய் அமர்ந்தது. மருத்துவர்கள் அதைத் தேடி வருவதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அதே மாநிலத்தின் தென்கோடியில், நியூயார்க் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில், வேறொரு கதை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. டாரதி ஆண்டர்சன் அங்கே பிணக்கூறு ஆய்வாளராக வேலை பார்த்தார். பெண் என்ற ஒரே காரணத்துக்காக அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இடம் மறுக்கப்பட்டு, இறந்தவர்களின் உடலை ஆராயும் பிரிவுக்கு வந்தவர். சோறு செரிக்காமல் மெலிந்து செத்துப்போனதாகக் குறிக்கப்பட்டிருந்த ஒரு குழந்தையின் கணையத்தை அறுத்துப் பார்த்தபோது, அது கணையமாகவே இல்லை. நார் பாய்ந்து, சிறுசிறு நீர்க்கட்டிகள் நிறைந்து கிடந்தது. பழைய குறிப்புகளைக் கிளறி, இப்படிப்பட்ட 49 குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 1938இல் வெளியிட்டார். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோய்க்கு முழுமையான முதல் விவரிப்பு அதுதான். கணையத்தோடு நுரையீரலும் சேர்ந்து கெட்டிருந்ததை அவர் பார்த்தார். இரண்டையும் ஒன்றாகக் கெடுத்தது எது என்பதுதான் புரியவில்லை.

விடைக்கு ஒரு நூல்முனையை வெயில் கொண்டுவந்து கொடுத்தது. 1948 ஆகஸ்டில் நியூயார்க் நகரம் கொதித்தது. வெப்பத்தில் சுருண்டு விழுந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர்கள் ஓடிவந்தார்கள். அந்தக் குழந்தைகளில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்கள் கணக்குக்கு மிஞ்சி இருந்ததை ஆண்டர்சனும் வால்டர் கெஸ்லர் என்ற சக மருத்துவரும் கவனித்தார்கள். வியர்வைச் சுரப்பி அடைபட்டு, வியர்க்க முடியாமல் விழுகிறார்களோ என்று சந்தேகம். ரோமில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த பால் டி சாண்டாக்னீஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். குழந்தைகளுக்கு நன்றாகவே வியர்த்தது. ஆனால் அந்த வியர்வையில் உப்பு மற்ற குழந்தைகளுடையதைப் போலப் பல மடங்கு இருந்தது. 1953இல் அவர் இதை வெளியிட்டபோது, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் பிள்ளை தங்காது என்று ஐரோப்பியக் கிராமத்துப் பாட்டிகள் சொல்லிவந்த பயத்துக்கும் விளக்கம் கிடைத்தது. உடம்பு உப்பைத் தக்கவைக்கத் தெரியாமல் வியர்வையில் கொட்டிக்கொண்டிருந்தது. சித்திரை மாதம் அருப்புக்கோட்டைப் பக்கம் காட்டு வேலை செய்பவர்களின் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளைக் கோடு விழுவது எல்லாருக்கும் தெரிந்த காட்சி. அந்த வெயிலில் இந்த நோயோடு ஒரு கைக்குழந்தை இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை இங்கே யாரும் கேட்க, இன்னும் வெகு காலம் ஆனது.

வியர்வையை அளக்கும் சோதனைக்கு முதலில் குழந்தையைக் கழுத்துவரை பிளாஸ்டிக் பையில் போட்டுச் சூடான அறையில் வைத்தார்கள். அது ஆபத்தானதாக இருந்தது. 1959இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கிப்சனும் குக்கும் பைலோகார்பின் என்ற மருந்தை மெல்லிய மின்சாரத்தால் முன்கைத் தோலுக்குள் செலுத்தி, ஒரு சிறு இடத்தில் மட்டும் வியர்க்கவைத்தார்கள். பிரேசில் நாட்டுச் செடி ஒன்றின் இலையிலிருந்து எடுத்த மருந்து அது. எச்சில் ஒழுகவைக்கும் இலை என்று அந்தக் காட்டு மக்கள் அறிந்து வைத்திருந்தது. இன்றும் உலகம் முழுக்கச் செய்யப்படும் சோதனை அதுவே. நோயைக் கண்டுபிடிக்க வழி பிறந்துவிட்டது. பிழைக்கவைக்க வழி?

உப்பும் தண்ணீரும் செல்லுக்கு உள்ளும் வெளியும் போய்வர ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைக் கட்டும் மரபணு பழுதானால் வியர்வையில் உப்பு தங்கிவிடுகிறது. நுரையீரலிலோ சளி ஈரம் வற்றிப் பசைபோல் கெட்டியாகிறது. ஏழாம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணு பிடிபட்டது 1989இல். ஆனால் கெட்டிச் சளியில் கிருமி குடியேறுவதுதான் பிள்ளைகளைக் கொல்கிறது என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்திருந்தது. 1957 முதல் கிளீவ்லாந்தில் லீராய் மேத்யூஸ் என்ற மருத்துவர் நோய் முற்றும்வரை காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே முதுகைத் தட்டிச் சளி வெளியேற்றுவது, சத்தான சாப்பாடு, கிருமிக்கொல்லி மருந்து என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார். பள்ளிக்கூட வயதைத் தொடாமல் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பிறகு கல்லூரிக்கும் போனார்கள். அந்த மகிழ்ச்சியிலிருந்துதான் அடுத்த விபத்து முளைத்தது.

ஊரில் ஒருவருக்கு மட்டும் இருக்கும் நோய் மனிதரைத் தனிமையாக்கும். வகுப்பில் இருமினால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கைநிறைய மாத்திரை விழுங்குவதை ஒளிந்து செய்யவேண்டியிருந்தது. அதனால் மருத்துவர்களும் பெற்றோர்களும் சேர்ந்து கோடைமுகாம்கள் நடத்தினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிக்கரைகளில், மரக்குடில்களில், தன்னைப்போலவே இருமும் இன்னொரு பிள்ளையை வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தவர்கள் ஏராளம். இருமலுக்கு அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றோருக்கும் ஒரு வாரம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. அந்த முகாம்களை நடத்தியவர்களைக் குறைசொல்ல இடமே இல்லை. கைக்கு எட்டிய மருந்துகளில் நட்புதான் மிக நல்ல மருந்து என்று நம்பினார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனால் குடிலுக்குள் பிள்ளைகளோடு வேறு ஒன்றும் போய்ப் படுத்துக்கொண்டது.

இதற்கிடையில் பர்க்ஹோல்டரின் வெங்காயக் கிருமி எதிர்பாராத இடங்களில் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. மருத்துவமனைகளில் கிருமியைக் கொல்ல வைத்திருந்த திரவங்களுக்குள்ளேயே அது சுகமாக வாழ்ந்தது. சதுப்பு நிலத்தில் பயிற்சி எடுத்த அமெரிக்கச் சிப்பாய்களின் பாதப் புண்ணில் கிடைத்தது. 1971இல் அதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். 1979இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது: பென்சிலினை ஊற்றினால் இந்தக் கிருமி சாகவில்லை, பென்சிலினையே தீனியாக எடுத்துக்கொண்டு வளர்ந்தது. நல்ல நுரையீரல் உள்ளவர்களை அது சீண்டவில்லை. வெங்காயம் உரிப்பவர் யாருக்கும் அதனால் கேடு வரவில்லை. ஈரம் வற்றிய கெட்டிச் சளியோ அதற்கு வெங்காயக் கழுத்தைப்போல ஒரு நுழைவாயிலாக இருந்தது.

டொரோண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் முதல் அபாய மணி அடித்தது. 1971இல் அங்கு வந்த சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் 10 சதவீதத்தினரின் சளியில் இருந்த செப்பேசியா, 1981இல் 18 சதவீதத்தினரிடம் இருந்தது. 1984இல் வெளியான அந்த அறிக்கை மூன்று விதமான முடிவுகளை விவரித்தது. சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலர் மெல்ல மெல்லத் தேய்ந்தார்கள். சிலரோ, நேற்றுவரை நடமாடிக்கொண்டிருந்தவர்கள், காய்ச்சலும் நிமோனியாவுமாகச் சில வாரங்களில் இறந்துபோனார்கள். கைவசம் இருந்த மருந்துகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. எங்கிருந்து வருகிறது இது? மண்ணிலிருந்தா, தண்ணீரிலிருந்தா, மருத்துவமனைக் கருவிகளிலிருந்தா? அடுத்த சில ஆண்டுகள் மருத்துவர்கள் இதைப்பற்றிக் கடுமையாக வாதிட்டுக்கொண்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்ல விரும்பாத நான்காவது வழி ஒன்றும் இருந்தது.

கிளீவ்லாந்தில் செப்பேசியா உள்ளவர்களைத் தனி அறைகளுக்கு மாற்றிப் பார்த்தார்கள். புதிதாகத் தொற்றுவது குறைந்தது என்று 1986இல் எழுதினார்கள். அது துப்புதான், சாட்சி ஆகவில்லை. ஜான் லிபூமா என்ற மருத்துவரின் குழு கிருமியின் மரபணுக் கைரேகையை ஒப்பிட்டு, ஒரு நோயாளியிடம் இருந்த அதே கிருமி இன்னொரு நோயாளியிடம் போய்ச் சேர்ந்ததை 1990இல் காட்டியது. அந்தக் கோடையில் முகாம்களுக்குப் போன பிள்ளைகளின் சளியைப் போவதற்கு முன்னும் வந்ததற்குப் பின்னும் சோதித்தார்கள். கிருமி இல்லாமல் போன சிலர் கிருமியோடு திரும்பியிருந்தார்கள். ஏற்கெனவே கிருமி உள்ள பிள்ளைகள் எந்த முகாமில் அதிகமோ, அங்கே ஆபத்தும் அதிகமாக இருந்தது. ஏரிக்கரையின் சந்தோஷம்தான் பாதை என்று தெரிந்தது. அந்தப் பாதை எவ்வளவு நீளமானது என்பதுதான் அடுத்த அதிர்ச்சி.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஜான் கோவன் என்ற நுண்ணுயிரியலாளர் தன் நகரத்து நோயாளிகளையும் மான்செஸ்டர் நகரத்து நோயாளிகளையும் பல ஆண்டுகளாகக் கவனித்துக்கொண்டிருந்தார். மருத்துவமனைக்கு வெளியே நண்பர்களாகப் பழகியவர்களுக்கிடையே ஒரே வகைக் கிருமி பரவியிருந்ததை 1993இல் எழுதினார். அந்த வகையையே கனடாவின் ஒன்டாரியோவிலும் கண்டார்கள். அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும் ஒரே கிருமி! பிரிட்டனிலிருந்து கனடா முகாம்களுக்குப் போய்வந்த இளைஞர்களோடு அது கடல் தாண்டியிருந்தது. அதற்கு இ.டி.12 என்று அடையாளம் போட்டார்கள். அமெரிக்காவில் அந்த ஆண்டே முகாம்களை மூடச் சொல்லிவிட்டார்கள். ஆண்டு முழுக்க அந்த ஒரு வாரத்துக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்குக் கோடை வந்தது, முகாம் வரவில்லை. காதலித்தவர்கள் இருந்தார்கள், ஒரே அறையில் வளர்ந்த தோழிகள் இருந்தார்கள். அவர்களிடம் இதைச் சொல்லவேண்டி வந்த மருத்துவர்கள் மேல் கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமற்றது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஒருவர் நுரையீரலிலிருந்து இன்னொருவர் நுரையீரலுக்குப் போக அந்தக் கிருமி ஏறிய வண்டி எது? விடை வாயில் இருந்தது. இருமலில் தெறிக்கும் துளி, முத்தம், மாறிக் குடித்த கோப்பை, மாறிப் பிடித்த பல்துலக்கி. மனித வாயில் 700க்கு மேற்பட்ட பாக்டீரியா இனங்கள் பதிவாகியுள்ளன. தூக்கத்தில் எச்சில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது எல்லாருக்கும் நடப்பது. நல்ல நுரையீரல் அதைத் துடைத்து வெளியே தள்ளிவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் அந்தத் துடைப்பம் சரியாக வேலை செய்வதில்லை. 2000த்துக்குப் பிறகு மரபணு வழியாகச் சளியைப் படித்தவர்கள் பிரிவோடெல்லா, வெய்யோனெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வாயில் வசிக்கும் இனங்களை அதில் ஏராளமாகக் கண்டார்கள். அவை நுரையீரலில் குடும்பம் நடத்துகின்றனவா, சளி வெளியே வரும் வழியில் வாயில் ஒட்டிக்கொண்டவையா என்ற விவாதம் ஓடிக்கொண்டே இருந்தது. பிரான்சில் செய்த ஆய்வு ஒன்று, நுரையீரலைத் தாக்கும் இன்னொரு வகைச் சூடோமோனாஸ் பல்லிடுக்குப் படிவிலும் இருப்பதைக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிள்ளைகளுக்குச் சொத்தைப்பல் மற்றவர்களைவிடக் குறைவு என்று 1970களிலிருந்தே பல்மருத்துவர்கள் எழுதிவந்தார்கள். வருடக்கணக்கில் விழுங்கிய கிருமிக்கொல்லிகள் பல்லை அரிக்கும் கிருமிகளையும் அடக்கி வைத்திருந்தன என்பது அவர்கள் கருத்து.

திருச்சுழிப் பக்கத்தில் வெயிலில் வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தால், உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பது இன்றும் பெரியவர்களிடம் உள்ள பழக்கம். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் ஒடித்துப் பல் துலக்கிய காலத்தில், குச்சி ஒரு நாளுக்கு, ஒரு வாய்க்கு மட்டும். துலக்கி முடித்ததும் எறிந்துவிடுவார்கள். எச்சில் கலக்காமல் இருப்பதில் இவ்வளவு கவனம் கொண்ட அதே சீமையில்தான் டீக்கடைகளில் சாதி பார்த்துக் குவளையைத் தனியாக வைத்த கொடுமையும் நடந்தது. அந்தத் தூரம் மனிதரைத் தாழ்த்துவதற்காக வைத்தது. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு இனி வரவிருந்த தூரம் அவர்களை உயிரோடு வைப்பதற்காக. இரண்டையும் ஒருபோதும் ஒன்றாக்கக் கூடாது.

அதற்குள் வெங்காயக் கிருமியின் பெயரே மாறியது. 1992இல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதைச் சூடோமோனாஸ் பேரினத்திலிருந்து பிரித்து, பர்க்ஹோல்டரின் நினைவாக 'பர்க்ஹோல்டேரியா' என்று புதுப் பேரினம் அமைத்தார்கள். 1997இல் பெல்ஜியத்தின் பீட்டர் வாண்டமின் குழு, ஒரே கிருமி என்று நினைத்தது உண்மையில் குறைந்தது ஐந்து இனங்கள் என்று நிரூபித்தது. இன்று இருபதுக்கு மேல். கடல் தாண்டிய இ.டி.12 பர்க்ஹோல்டரின் அசல் கிருமியின் உடன்பிறப்பு. இதே காலத்தில் இன்னொரு பக்கம், இதே குடும்பத்துக் கிருமிகளை விதையில் தடவினால் பயிரைப் பூஞ்சை அண்டாது என்று விவசாயத்துக்காக விற்கவும் தொடங்கியிருந்தார்கள். மருத்துவர்கள் பதறிப்போய் எதிர்த்தார்கள். நோயாளிகளிடம் கொள்ளைநோயாகப் பரவிய ஒரு வகைக் கிருமி விவசாய மண்ணிலேயே கிடைத்ததாக 2002இல் லிபூமாவின் குழு எழுதியபோது, பதற்றத்துக்குக் காரணம் இருந்தது தெரிந்தது. நோயாளி நோயாளியைத் தவிர்த்தால் மட்டும் போதாது, மண்ணும் சும்மா இருக்கவில்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவில், இது வெள்ளைக்காரர்களின் வியாதி என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. 1968இல் ஒரு குழந்தையைப் பற்றிய அறிக்கை இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் வந்தது. அதற்குப் பின்னும் பெரும்பாலான பிள்ளைகளின் சீட்டில் வேறு பெயர்தான் விழுந்தது. விடாத இருமலும் ஏறாத எடையும் இருந்தால் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று காசநோய் மருந்து. கோடையில் உப்புச் சத்து இறங்கிச் சுருண்டு விழுந்தால் வெயில் தாங்கவில்லை என்று குளுக்கோஸ். நம் நாட்டு வெயிலில் இந்த நோய் பல குழந்தைகளிடம் முதலில் இருமலாக வராமல் உப்பிழப்பாகவே தலைகாட்டியது. அதைப் பார்க்கும் கண் இல்லாதவரை அது வெயிலாகவே இருந்தது. வெளிநாட்டு வியர்வைச் சோதனைக் கருவியின் விலை பெரிய மருத்துவமனைகளுக்கே எட்டவில்லை. டெல்லி எய்ம்ஸில் எஸ்.கே. காப்ராவின் குழு உள்ளூரிலேயே வியர்வையைச் சேகரித்து உப்பை அளக்கும் முறையை உருவாக்கி 2002இல் வெளியிட்டது. வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனிப்பு வந்தது. இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், அத்தை மகனும் மாமன் மகளும் மணக்கும் குடும்பங்களில் அந்த இரண்டும் சந்திக்க வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஐரோப்பியர்களிடம் மிகுதியாக உள்ள மரபணுப் பழுது இங்கே அவ்வளவு இல்லை. இங்கே பழுதுகள் பலவிதம். வெள்ளைக்காரர்களின் வியாதி என்று ஒதுக்கியதற்கு விலை கொடுத்தவர்கள், பெயர் தெரியாமலே போன பிள்ளைகள்.

2003இல் அமெரிக்க சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளை, மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு வல்லுநர்களோடு உட்கார்ந்து விதிகளை எழுதியது. ஒரு நோயாளிக்கும் இன்னொரு நோயாளிக்கும் நடுவில் குறைந்தது மூன்றடி. கோப்பை, கரண்டி, பல்துலக்கி எதையும் பகிரக் கூடாது. கை குலுக்கவும் வேண்டாம். மூன்றடி என்ற கணக்கு, இருமல் துளிகள் அதற்குள் தரையில் விழுந்துவிடும் என்ற பழைய நம்பிக்கையில் நின்றது. அந்த நம்பிக்கையைப் பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நீளமான ஒரு குழாய்க்குள் இருமவைத்துச் சோதித்தார்கள். துளிகளோடு கிளம்பிய, பல்லிடுக்கில் கண்ட அதே வகைச் சூடோமோனாஸ் 4 மீட்டர் தள்ளியும் உயிரோடு கிடைத்தது. 45 நிமிடம் கழித்தும் காற்றில் உயிரோடு இருந்தது. அந்த ஆய்வு 2014இல் வெளியானது. அதற்குச் சற்று முன்பே, 2013இல், அறக்கட்டளை தன் விதியைத் திருத்திவிட்டிருந்தது.

புது விதியில் தூரம் ஆறடி. மருத்துவமனைக்குள் நுழையும் ஒவ்வொரு நோயாளிக்கும், கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முகக்கவசம் கட்டாயம். காத்திருப்புக் கூடத்தில் சேர்ந்து உட்காரக் கூடாது, வந்ததும் நேரே தனி அறை. ஒரே நோய் உள்ளவர்கள் ஒரே வீட்டு விழாவில்கூட ஆறடிக்குள் வரக் கூடாது. மரக்குடிலில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் தொடங்கிய நட்பு, கணினித் திரைக்குள் போய் அமர்ந்தது.

ஏழு ஆண்டுகள் கழிந்தன. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் இந்தியா அடைபட்டது. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவிலும் ரேஷன் கடை வாசலிலும் சுண்ணாம்புப் பொடியால் வெள்ளை வட்டங்கள் போட்டார்கள். ஆறடி இடைவெளி, முகக்கவசம், கை குலுக்காதே, குவளையைப் பகிராதே என்று ஒலிபெருக்கி ஆட்டோக்கள் சொல்லிக்கொண்டு போயின. கொரோனாவுக்கான அந்த ஆறடி, 1930களில் வில்லியம் வெல்ஸ் போன்றவர்கள் செய்த துளி ஆராய்ச்சியின் மரபிலிருந்து வந்தது. வெங்காயக் கிருமிக்கும் அதற்கும் நேரடி உறவு இல்லை. ஆனால் ஊர் உலகம் திகைத்துக் கற்றுக்கொண்ட அந்தப் பாடங்கள் அத்தனையும் ஒரு சிறு கூட்டத்தாருக்குப் பழகிப்போன அன்றாடமாக இருந்தன. மற்றவர்களின் வட்டங்கள் மழையில் கரைந்தன. அவர்களுடையது கரையவில்லை.

2019இல் அமெரிக்காவில் வந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரை, பழுதான வாசலையே சீர்செய்து சளியை இளக்கியது. பலர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட மருந்து அது. அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் வைக்கப்பட்டது. இந்தியக் குடும்பங்கள் பெரும்பாலானவை இன்னும் பழைய முறையிலேயே நாளை ஓட்டுகின்றன: நெபுலைசர் கருவியில் உப்பு நீரை நுண்துளிகளாக்கி உறிஞ்சுவது, முதுகு தட்டுவது, சாப்பாட்டோடு கணைய நொதி மாத்திரை, கோடையில் கூடுதல் உப்பு.

ஆறடி விதியில் ஒரு விலக்கு உண்டு. ஒரே வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் இந்த நோய் இருந்தால் அவர்களைப் பிரிக்கச் சொல்லவில்லை. ஒரே கூரை, இருவருக்கும் பரிமாறும் அம்மா, ஒரே பாய். அவர்களுக்குச் சொல்லப்படுவது வேறு: மூச்சுப் பயிற்சியும் சளி எடுப்பதும் தனித்தனி நேரத்தில், கூடுமானால் தனித்தனி இடத்தில். டம்ளர் தனித்தனி. நெபுலைசர் குழாயை வாயில் வைக்கும் முனை தனித்தனி. ஒவ்வொரு முறையும் கழுவி, கொதிக்கவைத்து, காற்றில் நன்றாக உலர்த்த வேண்டும், ஈரத்தில்தான் வெங்காயக் கிருமியும் அதன் உறவுகளும் வளரும். பல்துலக்கிகள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனிக் குவளையில்.